கோலாலம்பூரின் பெயர்: இனக் கலப்பும் வாழும் வசதியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வீடு தேடுபவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள், குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பினாங்கையும் ஓரிடத்தில் தொட்டிருக்கிறோம். இரண்டு ஊரையும் ஒப்பிடாமல் நம்மவர்கள் யாரும் பேச்சை முடிப்பதில்லை.

ஒரு மாநகரத்துக்குப் பெயர் வாங்கித் தருவது யார்?

இரண்டு தரப்பு. வந்து போகிறவர்கள் ஒரு பெயரை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். இருந்து வாழ்கிறவர்கள் இன்னொரு பெயரைச் சொல்கிறார்கள்.

வந்து போகிறவர் கண்ணில் முதலில் படுவது இனக் கலப்பு. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் 1873இல் தொடங்கிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. அதே சாலையின் எதிர்ச்சாரியில் குவான் தி சீனக் கோவில். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல். நாட்டின் சுற்றுலாத் துறை 1999இலிருந்து "மலேசியா ட்ரூலி ஏசியா" என்று உலகத்துக்கு விற்றது இந்தக் காட்சியைத்தான்.

இருந்து வாழ்கிறவர் கணக்கு வேறு. வாடகை எவ்வளவு, ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நனையாமல் போக முடியுமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கமா, தண்ணீர் வருமா. இந்த இரண்டாவது பெயர் கெட்டால் முதல் பெயரும் நாளடைவில் கரைந்துவிடும். எந்த இனத்து மக்களைக் காட்டி ஊர் பெயர் வாங்கியதோ, அவர்களே வாடகை தாங்காமல் நகருக்கு வெளியே ரவாங்குக்கும் செமினிக்கும் போய்விடுவார்கள். கோபுரமும் தோரணவாயிலும் மட்டும் மிஞ்சும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

கோலாலம்பூர் எவ்வளவு கலப்பான ஊர்? அதைக் கணக்கிட வழி உண்டா?

உண்டு. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் ஏறத்தாழ 19 லட்சத்து 80 ஆயிரம் பேர். பரப்பு 243 சதுர கிலோமீட்டர். குடிமக்களில் பூமிபுத்ராக்கள் (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) சுமார் 47 விழுக்காடு, சீனர் 42, இந்தியர் 10, மற்றவர் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தசமமாக்கி அதே எண்ணால் பெருக்குங்கள்: 0.47ஐ 0.47ஆல் பெருக்கினால் 0.221. அதேபோல் 0.42க்கு 0.176, 0.10க்கு 0.010. கடைசிப் பிரிவு மிகச் சிறியது, விட்டுவிடலாம். மூன்றையும் கூட்டினால் 0.407. ஒன்றிலிருந்து கழித்தால் 0.593.

இதன் பொருள் எளிது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குடிமக்களைத் தொட்டால், அவர்கள் வேறு வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு 100இல் 59. நாடு முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் (70, 23, 6.6) கிட்டத்தட்ட 45தான் வரும். தலைநகரம் நாட்டைவிடக் கலப்பானது என்பது வெறும் பேச்சல்ல என்று தெரிகிறது.

ஆனால் இந்த எண்ணில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்து உழைப்பவர்கள் இதில் இல்லை. 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர், யாழ்ப்பாணத் தமிழர் எல்லாரும் அடக்கம். இரண்டாவது ஓட்டை பெரியது: ஊர் கலந்திருந்தும் தெரு கலக்காமல் இருக்கலாம்.

அதற்கு வேறொரு கணக்கு. ஒரு வட்டாரத்தில் இரண்டு அடுக்குமாடிகள் என்று கொள்வோம். முதலாவதில் ஓர் இனத்தார் 300 குடும்பம், மற்ற இனத்தார் 20. இரண்டாவதில் 100, 80. அதாவது பெரிய இனத்தாரில் 75 விழுக்காட்டினரும் சிறிய இனத்தாரில் 20 விழுக்காட்டினரும் முதல் கட்டடத்தில் இருக்கிறார்கள். வித்தியாசம் 55. இரண்டாவது கட்டடத்தில் 25க்கும் 80க்கும் வித்தியாசம் 55. கூட்டிப் பாதியாக்கினால் 55. இரு கட்டடமும் ஒரே சீராகக் கலக்க வேண்டுமானால் சிறிய இனத்தாரில் 55 விழுக்காட்டினர் வீடு மாற வேண்டும் என்று அர்த்தம். பூஜ்யம் வந்தால் முழுக் கலப்பு, 100 வந்தால் முழுப் பிரிவு. உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான்கைந்து கட்டடங்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நகரத்தின் சுவரொட்டி சொல்லாததை இது சொல்லும்.

உலக 'வாழத்தகு நகரங்கள்' பட்டியல்கள் எதை அளக்கின்றன?

அதிகம் பேசப்படுவது எக்கனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவின் பட்டியல். 173 நகரங்கள். நிலைத்தன்மைக்கு 25 விழுக்காடு மதிப்பெண், பண்பாடும் சுற்றுச்சூழலும் 25, சுகாதாரம் 20, உள்கட்டமைப்பு 20, கல்வி 10. அந்தப் பண்பாட்டுப் பிரிவுக்குள் வெப்பமும் புழுக்கமும், ஊழல், சமய சமூகக் கட்டுப்பாடுகள், தணிக்கை, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வருகின்றன. நம் ஊர்ப் புழுக்கத்துக்கே மதிப்பெண் போகும்.

இந்தப் பட்டியல் எதற்காகப் பிறந்தது என்பது முக்கியம். ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம், அங்குள்ள சிரமத்துக்கான படி எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யத்தான். 80க்கு மேல் எடுத்த ஊருக்குப் படி தேவையில்லை, 70 முதல் 80 வரை என்றால் சம்பளத்தில் 5 விழுக்காடு, 50க்குக் கீழே போனால் 20 என்று ஓர் அளவுகோலே வைத்திருந்தார்கள். வீட்டு வாடகை கட்டுப்படியாகுமா என்பது இதில் கிடையாது. அக்கம்பக்கத்தில் எத்தனை இனம் வாழ்கிறது என்பதும் கிடையாது.

இதற்கு நேர் எதிரான கோணம் இன்டர்நேஷன்ஸ் அமைப்பு வெளிநாட்டவரிடம் நடத்தும் கருத்தாய்வு. 2021இல் அதில் கோலாலம்பூர் முதலிடம் பிடித்தது. வீடு மலிவு, உள்ளூர் மொழி தெரியாமலே காலம் தள்ளலாம் என்பவை பெரிய காரணங்கள். டாலரில் சம்பளம் வாங்குபவருக்கு மலிவான வீடு, செந்தூலில் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு மலிவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆகவே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: யாருக்கு வாழத் தகுந்த ஊர்?

பல இனம் சேர்ந்து வாழ்ந்தால் ஊர் நன்றாகுமா, சச்சரவு வருமா?

ஆய்வாளர்களிடமும் ஒற்றை விடை இல்லை. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஒத்தவியானோ, பெரி இருவரும், கலப்பு மிகுந்த நகரங்களில் உள்ளூரில் பிறந்தவர்களின் சம்பளமும் வாடகையும் கூடுதலாக இருந்ததை 2006இல் காட்டினார்கள். மறு ஆண்டே அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம், கலப்பு மிகுந்த அக்கம்பக்கங்களில் மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவது குறைவாக இருக்கிறது என்று எழுதினார். இது குறுகிய காலத்துக்கு, நாளடைவில் மாறலாம் என்றும் சொன்னார்.

எங்கள் கணிப்பு: சண்டைக்கு விதை கலப்பு அல்ல, நெருக்கடி. 1969 மே 13 கலவரத்தில் அதிகாரபூர்வக் கணக்குப்படியே 196 பேர் இறந்தார்கள். அதன் நிழல் இந்த ஊரின் பெயர்மேல் பல காலம் விழுந்து கிடந்தது. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் நடந்த இன மோதலில் 6 உயிர்கள் போயின, பெரும்பாலோர் நம்மவர். ஒரு பக்கம் கல்யாண வீடு, இன்னொரு பக்கம் துக்க வீடு, நடுவே குறுகலான தெரு. இரு தரப்பும் ஏழைகள். புறம்போக்கு வீடுகள், நல்ல சாக்கடை இல்லை, பிள்ளைகள் விளையாட இடமில்லை. அகலமான ஒரு சாலையும் ஒரு பொது மண்டபமும் இருந்திருந்தால் அந்த மாலை வேறு மாதிரி போயிருக்கக்கூடும்.

சிங்கப்பூரில் 1989இலிருந்து அரசாங்க அடுக்குமாடிகளில் இன விகித வரம்பு உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. சந்தையும் ஒதுக்கீடும் எப்படி இழுக்கிறதோ அப்படித்தான் கலப்பு.

பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' ஆனது பகுதிக்கு நல்லதா?

வியாபாரத்துக்கு நல்லது. குடியிருப்புக்கு அவ்வளவு நல்லதென்று சொல்ல மாட்டோம்.

1881இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. இனிமேல் செங்கல் வீடுதான் என்று முடிவானதும் சூளைகள் இங்கே வந்தன, பெயரும் வந்தது. பின்னால் ரயில்வே வந்தது. தமிழ்நாட்டுத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், சிங்களர், சீனர் எல்லாரும் ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றிச் சேர்ந்தார்கள். சிங்கள பௌத்தர்களின் மகா விகாரை 1894இல் தொடங்கியது, விவேகானந்த ஆசிரமம் 1904இல். தமிழ் முஸ்லிம்களின் மதரஸா, தமிழ் லூத்தரன் தேவாலயம், சீனக் கோவில் எல்லாம் பத்து நிமிட நடைக்குள். இந்தக் கலப்பை எந்தத் திட்டமும் உண்டாக்கவில்லை, வேலையும் வாடகையும் உண்டாக்கின.

2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். தோரணங்கள், வண்ண விளக்குகள், சீரமைத்த ஜாலான் துன் சம்பந்தன். நிலத்தின் விலை எகிறியது. 2014இல் விவேகானந்த ஆசிரமத்தின் வளாகத்திலேயே உயர்மாடிக் கட்டடத் திட்டம் எழுந்து, மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஆசிரமக் கட்டடம் பின்னர் தேசிய மரபுடைமை ஆனது.

பகுதியின் வாழும் வசதியை அறிய ஒரே ஒரு பொருளைக் கூர்ந்து பாருங்கள்: நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் தொடுகற்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் பார்வையற்றோர் பலர் இந்தப் பகுதியில் வாழ்கிறார்கள், உடம்பு பிடிக்கும் நிலையங்களில் வேலை செய்கிறார்கள். நீளக் கோடு உள்ள கல் என்றால் நேரே நடக்கலாம். புள்ளிகள் உள்ள கல் என்றால் நில், முன்னே சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது. குழாய் வேலைக்குப் பாதையைத் தோண்டி மூடும்போது கோட்டுக் கல்லைத் திருப்பிப் பதித்துவிடுகிறார்கள், அல்லது புள்ளிக் கல் இருந்த இடத்தில் வெறும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். பூக்கடை மேசையின் கால் கோட்டின் மேல் நிற்கும். மோட்டார் சைக்கிள் கோட்டின் குறுக்கே நிற்கும். கைத்தடி அதில் தட்டி நின்றுவிடும், மனிதர் சாலையில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டும். தீபாவளிச் சந்தை நேரத்தில் இது இன்னும் மோசம். மஞ்சள் கோடு நிலையத்திலிருந்து கடைசிக் கடைவரை அறுபடாமல் போனால், அந்தப் பகுதி குடியிருப்போருக்காக நடத்தப்படுகிறது என்று நம்பலாம்.

மஸ்ஜித் இந்தியா சம்பவங்கள் ஊரின் பெயரை எப்படிப் பாதித்தன?

தமிழ் முஸ்லிம்கள் 1863இல் எழுப்பிய பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கடைவீதி அது. இந்தியாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகள் தவறாமல் கால் வைக்கும் இடம். 2024 ஆகஸ்ட் 23 காலை அங்கே நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் 8 மீட்டர் ஆழக் குழியில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. நகரின் நடுப்பகுதியில் பரவலாக அடியில் சுண்ணாம்புக்கல். அதோடு பழைய கழிவுநீர்க் குழாயில் கசிவு இருந்தால் மண்ணை நீர் அரித்துக்கொண்டே போகும், மேலே ஓடு அப்படியே இருக்கும், எடை தாங்காத நாளில் இறங்கும். நடைபாதையில் ஓடு நடுவே தொட்டில் போல் தாழ்வது, மழையில்லாத நாளிலும் ஓரிடம் ஈரமாகவே இருப்பது, சாக்கடை ஓரம் புது விரிசல்: மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே புகார் செய்யுங்கள். அந்த வாரங்களில் கடைவீதி வெறிச்சோடியது. எத்தனை தோரணம் கட்டினாலும் ஒரு குழி பெயரைக் கெடுத்துவிடும்.

2025 மார்ச்சில் அதே பகுதியின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரம் வந்தது. நூறாண்டுக்கு மேல் பழமையானது என்று சொல்லப்படும் கோவில். அது நிற்கும் நிலத்தை மாநகர் மன்றம் 2014இல் தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளி வேறிடம் என்று உடன்பாடு ஆனது. மனவேதனை எல்லாருக்கும் உண்டு. ஆனால் கோவில் நிர்வாகங்கள் இதிலிருந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. லாட் எண்ணை (மனை எண்ணை) தெரிந்துகொண்டு நில அலுவலகத்தில் தேடல் மனு போடுங்கள். பட்டா யார் பெயரில், வழிபாட்டுக்கென ஒதுக்கி அரசிதழில் வந்திருக்கிறதா, வேறு யாருக்கும் அடமானமோ விற்பனையோ நடந்திருக்கிறதா என்று அதில் தெரியும். தேடலை ஆண்டுக்கொரு முறை எடுங்கள். நிலம் கைமாறிய பத்தாண்டு கழித்துப் பேச்சு தொடங்கினால் பேரம் பேச இடமே இருக்காது.

வீடு பார்க்கும் பகுதி நல்ல கலப்பா, வாழ வசதியா என்று எப்படிச் சோதிப்பது?

மூன்று முறை போங்கள்: வேலை நாள் காலை 7 மணி, வேலை நாள் மாலை 5 மணி, ஞாயிறு காலைச் சந்தை. முகவர் காரில் கூட்டிப்போவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காலை 7 மணிக்குக் கோப்பிக் கடையில் உட்காருங்கள். ஒரே கூரையின் கீழ் மீ கடை, நாசி லெமாக், தோசை மூன்றும் இருக்கிறதா? மேசைகளில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைகள் கலந்து, மேசைகள் பிரிந்திருந்தால் அது சந்தைக் கலப்பு மட்டுமே. பள்ளி வேன்கள் எந்தெந்தப் பள்ளிக்குப் போகின்றன என்று பார்த்தால் குடும்பங்கள் யார் என்று தெரியும். மின்தூக்கி அருகே ஒட்டிய அறிவிப்பு எத்தனை மொழியில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மாலை 5 மணிக்கு நிலையத்திலிருந்து வீடுவரை நடங்கள், முடிந்தால் மழையில். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம், அதாவது வேலை விடும் நேரம். விளம்பரம் "எல்ஆர்டி ரயிலுக்கு 400 மீட்டர்" என்று சொல்லும். அது வரைபடத்தில் நேர்கோடு. நிலையம் நெடுஞ்சாலையின் மறுபக்கம் இருந்தால் மேம்பாலம் ஏறி இறங்கி ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். கூரையுள்ள பாதை பெரும்பாலும் நிலையத்தின் எல்லையோடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்குப் பிறகு நிலம் வேறொருவருடையது. பழைய கடைவீடுகளின் அஞ்சடி (கடை முன்னே கூரையுள்ள நடைபாதை) உயரம் வீட்டுக்கு வீடு மாறும். தள்ளுவண்டியில் பிள்ளையோ சக்கர நாற்காலியில் பெற்றோரோ இருந்தால் அந்தப் பாதை உதவாது. சாக்கடை மூடிகள் உடைந்திருக்கின்றனவா, தெருவிளக்கு எத்தனைக்கு ஒன்று எரியவில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பாதை நன்றாக இருந்தால் பணமும் மிச்சம். குடிமக்களுக்கு மை50 மாத அட்டை 50 ரிங்கிட். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து எல்லாவற்றுக்கும் 30 நாள் செல்லும். குடும்பத்தில் ஒரு காரைக் குறைக்க முடிந்தால் மாதத் தவணையோடு பெட்ரோல், டோல், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சேர்ந்து குறையும்.

ஞாயிறு சந்தையில் ஒன்றே ஒன்று பாருங்கள்: முருங்கைக்கீரை, தௌகே (முளைகட்டிய பயறு), உலாம் (மலாய்க்காரர் பச்சையாகச் சாப்பிடும் கீரை) மூன்றும் ஒரே கடையில் கிடைக்கிறதா. வியாபாரி எல்லா இனத்து அடுப்பையும் மனத்தில் வைத்துக் கொள்முதல் செய்கிறார் என்றால் அந்தக் கலப்பு அன்றாடத்தில் ஊறியது.

"இந்தியருக்கு வாடகைக்கு இல்லை" என்கிறார்கள். சட்டப்படி சரியா?

மனசாட்சிப்படி சரியில்லை. சட்டப்படி தடுக்க வழி மெலிது. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி இனப் பாகுபாட்டைத் தடுப்பது அரசாங்கத்தையும் சட்டங்களையும் நோக்கித்தான். தனியார் வீட்டுக்காரரை அது எட்டுவதில்லை. இந்த ஊரின் பல இனப் பெயருக்கு இதைவிடப் பெரிய கறை இல்லை என்றே நினைக்கிறோம். வேலைக்கு வந்த இளைஞர் முதல் வாரமே இதைச் சந்தித்துவிட்டால் எந்த விளம்பரமும் அவர் மனத்தை மாற்றாது.

நடைமுறையில் செய்யக்கூடியவை: விளம்பரத்துக்குப் பதில் எழுதும்போதே உங்கள் இனம், வேலை, எத்தனை பேர் என்று சொல்லி, உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே வீடு பார்க்கப் போங்கள். அலைச்சல் மிச்சம். "சமைப்பீர்களா?" என்று கேட்டால் பின்னால் மறைந்திருப்பது பெரும்பாலும் மசாலா வாடை பற்றிய பயம். புகை உறிஞ்சி பொருத்திக்கொள்கிறோம், காலி செய்யும்போது சமையலறைக்கு வண்ணம் அடித்துத் தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுத முன்வந்தால் சிலர் இறங்கி வருவார்கள். முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. 1,200 ரிங்கிட் வீட்டுக்கு 2,400, 600, 1,200 சேர்த்து 4,200 கையில் வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, முன்பணம் திரும்பப் பெறும் சண்டையில் கை கட்டுண்டு நிற்பீர்கள்.

அடுக்குமாடியில் பல இனத்தாரும் நிம்மதியாக இருக்க எது உதவும்?

ஆண்டுக் கூட்டத்துக்குப் போவது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழுவை வீட்டு உரிமையாளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மவர்கள் கூட்டத்துக்கு வராமல், பிறகு பாதுகாவலரிடம் சத்தம் போடுகிறோம். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது, அதை முன்னதாகவே கட்டுங்கள்.

சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, உறுமி, கெண்டூரி (மலாய் விருந்து) கூடாரம், சீனப் புத்தாண்டுப் பட்டாசு எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் சண்டை குறையும்: நேரம், இடம், பிறகு துப்புரவு. தாழ்வாரம் பொதுச் சொத்து. கோலத்தைத் துடைத்துவிடலாம். செருப்பு அலமாரி தீ விபத்தில் வழியை அடைக்கும், அதனால் அலமாரிக்கு விதி கண்டிப்பாக இருக்க வேண்டும், யார் வீட்டு வாசலானாலும்.

குறுகிய கால வாடகை விஷயத்தில் சட்டம் குடியிருப்போர் பக்கம் உண்டு. நிர்வாகக் கழகம் துணைவிதி போட்டு அதைத் தடை செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் மோன்ட் கியாரா வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டம் கூட்டி, செல்லும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். வாரத்துக்கொரு முகம் மாறும் மாடியில் இனக் கலப்பு இருந்தும் அக்கம்பக்கம் இருக்காது.

பினாங்கு இதில் கோலாலம்பூரைவிட மேலா?

பெயரில் மேல். மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ உலக மரபுடைமை ஆனது, அதன் பல இனப் பண்பாடே முக்கியக் காரணம். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோவில், 1833இன் மகாமாரியம்மன் கோவில் எல்லாம் ஒரே நடையில். தைப்பூசத் தேர் வரும் வழியில் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஆனால் பட்டியலில் சேர்வதற்கு எட்டாண்டு முன்பே, 2000 ஜனவரியில், பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. கடைவீட்டு மாடிகளில் தலைமுறையாக இருந்த தையல்காரரும் பூக்கட்டுபவரும் பெருநிலப்பக்கம் போனார்கள். பிறகு மரபுடைமைப் பெயர் வந்து நிலவிலையை மேலும் ஏற்றியது. கட்டடம் காப்பாற்றப்பட்டது, அதில் வாழ்ந்தவரைக் காப்பாற்ற அதே அளவு ஏற்பாடு இல்லை. பிரிக்பீல்ட்ஸும் மஸ்ஜித் இந்தியாவும் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

பூங்காவுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்? தாமான் ரிம்பா கியாராவை ஏன் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள்?

புக்கிட் கியாரா தோட்டம் 1980களின் தொடக்கத்தில் நகரத்துக்காக எடுக்கப்பட்டபோது, அங்கே வேலை செய்த குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள், தற்காலிகமென்று நீள்வீடுகளில் வைக்கப்பட்டார்கள். தற்காலிகம் முப்பதாண்டுக்கு மேல் ஓடியது. பிறகு அவர்களுக்கு வீடு கட்டித் தருவதோடு சேர்த்து, தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் பாதியில் உயர்மாடி ஆடம்பர வீடுகள் கட்ட 2017இல் அனுமதி கிடைத்தது. பக்கத்துக் குடியிருப்பான தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வாசிகள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். அனுமதி ரத்தானது.

பூங்கா பிழைத்தது நல்லது. ஆனால் அந்த வழக்கை "மரம் காப்பாற்றிய கதை" என்று மட்டும் சொல்வது அநியாயம். தோட்டப்புறத்தவரின் வீட்டுத் தேவையும் வசதியானவரின் பசுமைத் தேவையும் மோதும்படி ஏற்பாடு செய்ததுதான் தவறு. இரண்டையும் தனித்தனியே தீர்க்க நிலமும் காலமும் இருந்தன.

குறை இருந்தால் யாரிடம் போவது?

கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது, டத்தோ பண்டாரை (மாநகரத் தலைவரை) மக்கள் தேர்ந்தெடுப்பதும் இல்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இலேயே நிறுத்தப்பட்டன. ஆகவே வாக்குக்குப் பயந்து யாரும் உங்கள் சாக்கடையைப் பார்க்க மாட்டார்கள், புகாரை ஒழுங்காகச் செய்வதே வழி. பெரும்பாலான புகார்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்த்தான் சாகின்றன. குடிநீர்க் குழாய் ஆயர் சிலாங்கூர், கழிவுநீர் இண்டா வாட்டர், மின்சாரம் தெனாகா, மழைநீர்ச் சாக்கடையும் நடைபாதையும் மாநகர் மன்றம், ரயில்பாதை ஓரம் கேடிஎம்.

படம் இரண்டு எடுங்கள், ஒன்று கிட்டத்தில், ஒன்று கடைப் பெயர்ப்பலகை தெரியும்படி தூரத்தில். அருகே உள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதுங்கள், முகவரியைவிட அது துல்லியம். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் அதே எண்ணோடு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். தனியாக அல்ல: சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் கையெழுத்திட்ட கடிதத்தை "ஓர் இனத்தின் பிரச்சினை" என்று ஓரமாக வைப்பது கடினம்.

புகைமூட்டமும் தண்ணீர்த் தடையும் பெயரைக் கெடுக்குமா?

கெடுக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100 தாண்டினால் ஆரோக்கியமற்றது, 200 தாண்டினால் மிகவும், 300க்கு மேல் அபாயம். 2015, 2019 புகைமூட்ட மாதங்களை யாரும் மறக்கவில்லை. தண்ணீருக்கு ஒரு நபருக்கு நாளுக்கு குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர், கழுவ 15 லிட்டர் என்று மூன்று நாளுக்குச் சேமித்தால் நான்கு பேர் வீட்டுக்கு 240 லிட்டர். மூடியுள்ள தொட்டியாக இருக்கட்டும், டெங்கி கொசு திறந்த வாளியைத் தேடி வரும்.

தமிழ்ப் பள்ளியை ஏன் வாழும் வசதியில் சேர்க்கிறீர்கள்?

பள்ளி ஓரிடத்திலேயே நிற்கிறது, பிள்ளைகள் நகர்ந்துவிட்டார்கள் என்பதால். பங்சாரிலும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கட்டடம் இருக்கிறது. குடும்பங்கள் பூச்சோங், காஜாங், ரவாங் பக்கம் போய்விட்டன. காலை ஐந்தரைக்கு வேன் ஏறும் ஏழு வயதுப் பிள்ளை ஒரு கட்டத்தில் பக்கத்துத் தேசியப் பள்ளிக்கு மாறிவிடும், பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. வீடு பார்க்கும்போதே தமிழ்ப் பள்ளிக்கு நடையா, பேருந்தா, வேனா என்று பாருங்கள். முதலாம் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே பதிய வேண்டும். பதியும் முன் ஒரு நாள் காலை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.